பேராதனையின் பாடம்

மருத்துவத்தின் வரலாறு கண்டுபிடிப்புகளின் வரலாறு மட்டுமன்று. அவை எவர் கைக்கு எட்டின, எவர் கைக்கு எட்டவில்லை என்பதன் வரலாறுமாகும். இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவர், கண்டியை அடுத்த பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாய் விளங்கிய மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. கம்பனிகள் சூட்டிய வணிகப் பெயரை ஒதுக்கி, மருந்தை அதன் பொதுப்பெயரால் அழைத்து, உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, தரங்கண்டு மலிவாக வாங்குக என்பதே அவர் வகுத்த நெறி. 1977 இல் அவர் மறைந்தார், நெறி மறையவில்லை.

அந்நெறியின் தேவையை மார்பகப் புற்றுநோய் மருந்தொன்றின் கதை தெளிவாக்குகிறது. உயிர்க்கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதங்கள் ‘வளர்க’ என்னும் செய்தியை ஏற்று உள்ளே செலுத்துகின்றன. அவற்றுள் ஒன்று ஹேர்-2. ஐந்தில் ஒரு பங்களவான மார்பகப் புற்றுநோய்களில் இதற்குரிய பரம்பரையலகு பன்மடங்கு பெருகிவிடுகிறது. வளர்ச்சிக் கட்டளை ஓய்வதேயில்லை. இப்பெருக்கமுள்ள நோய் விரைந்து மீள்வதையும் உயிரைக் கவர்வதையும் அமெரிக்க வைத்தியர் டெனிஸ் சிலேமன் குழுவினர் 1987 இல் எடுத்துக்காட்டினர். அவ்வாங்கியைப் பற்றிச் செய்தியைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப், 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சத்திரசிகிச்சையின் பின் ஏனைய மருந்துகளோடு இதனையும் பெற்றோரிடையே நோய் மீளுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2005 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

விஞ்ஞானம் வென்றது, விலையோ வழிமறித்தது. காப்புரிமையின் காவலில் நின்ற அம்மருந்து ஏழை நாடுகளுக்கு எட்டாக் கனியாயிற்று. 2014 இல் பெங்களூரின் பயோகொன் நிறுவனம் இதற்கொத்த மருந்தைக் குறைந்த விலையில் இந்தியச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. அதே ஆண்டில், பிபிலேயின் கொள்கையை நினைவூட்டும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. இத்தகைய மருந்து உயிர்க்கலங்களில் விளைவிக்கப்படுவது. எனவே மலிவைப் போன்றே தரப் பரிசோதனையும் இன்றியமையாதது.

மலைத்தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண், மார்பிற் கட்டியொன்றைக் கண்டும் ஒருநாட் சம்பளத்தை எண்ணி வைத்தியரிடம் செல்லாதிருப்பாளாயின், சிலேமனின் கண்டுபிடிப்பு அவளளவில் நிகழவேயில்லை. காலத்தில் செய்யும் பரிசோதனை, தரமான மருந்து, அதனை வழங்கும் அரச வைத்தியசாலை ஆகிய மூன்றும் அவளது உரிமை. எவரும் இடும் பிச்சையன்று. வகுப்பறையிலே உயிர்க்கலத்தைக் கற்பிக்கும் நாம், இதனையும் சேர்த்தே கற்பிப்போமாக.