வாதமும் மனமும்: ராபின்சன் வரைபடத்துக்கு ஒரு மறுப்பு

பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராபர்ட் ராபின்சனில் தொடங்குவது வழக்கம். அதில் நியாயம் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவர் குழு உழைத்திராவிட்டால், கை கால் விழுந்தவரின் அழுகையை "யாருக்குத்தான் வராது" என்று மருத்துவம் இன்றும் தள்ளிவிட்டிருக்கும். ஆனால் 1984-இல் 'பிரெய்ன்' இதழில் அக்குழு முன்வைத்த முடிவு அதற்கும் மேலே போனது. சிதைவு இடது மூளையின் முன்முனையை எவ்வளவு நெருங்குகிறதோ சோர்வும் அவ்வளவு கடுமையாகும் என்றார்கள். துயரத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

இதற்கு முந்தைய படி 1977-இல் ஃபோல்ஸ்டீன் குழு எடுத்தது. பக்கவாதத்தார் 20 பேரையும், எலும்புச் சிக்கலால் ஏறக்குறைய அதே அளவு முடங்கிய 10 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் 45 விழுக்காட்டினர் சோர்வுற்றிருந்தார்கள். இரண்டாவதில் 10 விழுக்காடுதான். நடக்க முடியாத வருத்தம் மட்டும் காரணமென்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. மூளைக்குப் பங்கு உண்டு என்ற அளவுக்கு இது சான்று. மூளையில் இன்ன இடம்தான் என்பதற்கு அல்ல. ராபின்சன் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரே தாவலில் கடந்துவிட்டார் என்பது என் கருத்து.

2000-இல் கார்சன் முதலானோர் 'லான்செட்' இதழில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிதைவின் இடத்துக்கும் சோர்வுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். தொடர்பு முதல் இரண்டு மாதங்களில்தான் தெளிவாக இருக்கும், பிறகு மங்கிவிடும் என்பது ராபின்சன் தரப்பின் பதில். இதை எளிதில் ஒதுக்க முடியாது. காலத்தைக் கணக்கில் கொள்ளாமல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாய்க் கொட்டினால் தொடர்பு கரைந்துபோகலாம்.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள இயலாத நிலையில் இருந்தவர்களை ராபின்சன் குழு ஆய்வில் சேர்க்கவில்லை. நேர்காணலுக்குப் பேச்சு வேண்டும் அல்லவா? பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் இடது மூளை. ஆக, இடது மூளையின் துயரத்தை வரைந்த படத்தில், இடது மூளை மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இல்லை. அன்று வேறு கருவி கைவசம் இல்லாததால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. படத்தை எடுத்தாண்ட பின்னவர்கள் இந்த விடுபாட்டைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

உடல் நோய்க்குள் மனத்தைத் தேடும் பார்வை 20-ஆம் நூற்றாண்டில் பிறந்ததும் அல்ல. சோழ மன்னன் வீரராசேந்திரனின் (1063–1070) திருமுக்கூடல் கல்வெட்டு ஓர் ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையை, விவரிப்பது நாம் அறிந்ததுதான். ஆண்டை 1067 என்றும் 1069 என்றும் எழுதுகிறார்கள், நான் எதையும் வற்புறுத்தவில்லை. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் என்ற விவரத்தைப் பலரும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். மருந்துப் பட்டியலில் அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. 20 மருந்துகளில் கடைசி இரண்டு கல்யாணக லவணமும் புராண கிருதமும். முன்னது சுசுருத சங்கிதையின் வாதநோய் அதிகாரத்தில் வரும் உப்பு. பின்னது பல ஆண்டு பழகிய நெய். சரக சங்கிதை அதைச் சித்தப் பிரமைக்கும் வலிப்புக்கும் சொல்கிறது. ஆமணக்கெண்ணெயும் பூண்டும் சேர்ந்த தைலமும் அதே பட்டியலில் உண்டு. அதுவும் வாதத்துக்குரியதே.

வாதமுற்றவரின் மனத்தையும் அந்த ஆதுலர்சாலை பார்த்தது என்று இதைக்கொண்டு சொல்லலாமா? சான்று மெலிந்ததுதான். மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் ஏற்பட்ட சாலை அது. மாணவனுக்குப் பக்கவாதம் அரிது. பழைய நெய்க்கு வேறு பயன்களும் உண்டு. ஆனால் பணியாளரில் மூப்படைந்தவரும் இருந்திருப்பார்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து வைத்த இருப்பில், யாரும் கேட்காத மருந்தை ஏன் சேர்ப்பார்கள்? கைக்கும் சித்தத்துக்கும் ஒரே அலமாரி இருந்தது என்ற அளவுக்காவது துணிந்து சொல்வேன்.

அதே மன்னனின் இன்னொரு பெரிய கல்வெட்டு குமரி பகவதி கோயிலில் இருக்கிறது. அது சோழர் குலவரிசையை விரித்துச் சொல்கிறது. ஆதுலர்சாலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனவே குமரி மாவட்டத்துக்குத் திருமுக்கூடலை அப்படியே பொருத்த முடியாது. இங்கே தொடர்ச்சியைத் தேட வேண்டிய இடம் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்து வர்ம ஆசான்களின் மரபு. வாதத்தை 80 வகையாக்கும் யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணிக்குக் காலம் இன்னும் முடிவாகவில்லை. வர்ம ஏடுகளுக்கும் அப்படியே. தைலமிட்டுத் தடவும் ஆசான் நாள்தோறும் நோயாளி அருகே உட்கார்கிறார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். 1838-இல் நெய்யூரில் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணி, 1920-களில் அறுவை மருத்துவர் சாமர்வெல் வந்தபின், அறுவைக்குப் பெயர் பெற்றது. ஆனால் கிடப்பில் விழுந்தவருக்கு வீடும் ஆசானுமே கதி.

வீட்டை நம்பும் இந்த வழியை அண்மையில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரைக்கொண்டு நடந்த 'அட்டென்ட்' ஆய்வில் (2017) குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி தரப்பட்டது. ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 விழுக்காடு. குடும்பம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி பெறாத வீடுகளும் எப்படியோ பார்த்துக்கொண்டன என்றும் வாசிக்கலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021) இப்போது இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். கை எவ்வளவு உயர்கிறது என்பது பதிவாகும். ராத்திரி தூங்கினாரா, யாரிடமும் முகம் கொடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறாரா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

பேச்சிழந்தவரை விட்டுவிடும் குறைக்கு 1998-இல் சட்கிளிஃபும் லிங்கனும் ஒரு வழி கண்டார்கள்: நோயாளியிடம் கேட்காமல், அழுகிறாரா, ஒதுங்குகிறாரா என்று உடனிருப்பவரிடம் கேட்கும் வினாத்தாள். ராபின்சனின் ஓட்டையை இது அடைக்கும்; வேறொன்றைத் திறக்கவும் செய்கிறது. நம் வீடுகளில் உடனிருப்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் மருமகள். ராப்பகலாய்ப் பார்த்துச் சோர்ந்த அவர் "மாமா எப்பவும் அழுதுகிட்டே கெடக்காரு" என்று சொல்லும்போது அதில் யாருடைய சோர்வு எவ்வளவு என்பதைப் பிரிக்கும் அளவுகோல் அந்த வினாத்தாளிலும் இல்லை.