சென்னைக் கரைசேர்ந்த பனிக்கட்டி

பாகாலாவின் கோடையில் வாடும் நம்மில் பலர், பனிக்கட்டி கப்பலேறி வந்த கதையை அறியோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரையடுத்த ஏரிகள் கடுங்குளிரில் உறையும். அப்பனியை அறுத்து ஏற்றுமதி செய்தவர் பிரெடரிக் டியூடர். அவர் வாணிகம் முழுதும் அங்குள்ள குளிரின் கடுமையையே நம்பியிருந்தது. 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பிய 180 டன்னில், நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக ஏறத்தாழ 100 டன் எஞ்சிற்று!

1842 அளவில் சென்னைக் கடற்கரையிலும் பனிக்கட்டிப் பண்டசாலை எழுந்தது. துறைமுகமில்லாத அந்நாளில், கப்பற்சரக்கை மசூலாப் படகோட்டிகளே அலைகடந்து கரைசேர்த்தனர். துரைமாரின் குவளை குளிர்ந்தது. சுமந்தவருக்குக் கை மட்டுமே குளிர்ந்திருக்கும்.

பின்னர் நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கவே, அவ்வாணிகம் மடிந்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் வசமாயிற்று. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். எனினும் அவ்வட்டாரத்தை மக்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைக்கின்றனர்.