பிறப்பே குற்றமான காலம்

ஓர் ஆட்சி நிலைபெறுவது படைபலத்தாலா, மக்களின் நம்பிக்கையாலா? மதுரைச் சீமையின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது.

1801இல் கர்நாடக நவாபிடமிருந்து இச்சீமையின் ஆட்சியைக் கும்பினியார் முழுமையாகப் பெற்றனர். ஊர்க்காவலை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த பிறமலைக் கள்ளரை ஆங்கிலேயர் ஐயக்கண் கொண்டே நோக்கினர். பிற்காலத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் அவர்கள்மீது ஏவினர். தனிமனிதர் குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அக்குலத்தில் பிறந்ததே குற்றமாயிற்று. ஆடவர் கைரேகை பதிய வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும்.

1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை பதிய மறுத்தனர். போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்ட 16 பேர் அன்று மாண்டனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்குத் துணைநின்றார். நன்றி மறவாத அவர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்றழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடெங்கிலும் அச்சட்டம் ஒழிந்தது.

துப்பாக்கியால் வந்த அமைதி ஆட்சியாளரைக் காக்கவில்லை. ஆயினும், சட்டம் போன பின்னும் அது சூட்டிய பழிச்சொல் எளிதில் போவதில்லை. பிறந்த குலத்தையோ சமயத்தையோ கொண்டு எவரையும் ஐயுறாதிருக்க நாம் கற்கும் நாளில்தான் பெற்ற விடுதலை நிலைபெறும்.