ஆப்ரிகாட் குழலும் அதன் இரவல் பெயரும்

துதுக் என்ற ஊதுகுழலைச் சொன்னதும் ஆர்மீனியா நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயர் துருக்கிச் சொல். ஊதும் ஓசையிலிருந்தே பிறந்த சொல் என்பது பொதுவான கருத்து. துருக்கியில் இன்றும் அதற்கு விசில் என்றே பொருள். அங்கே பிரஷர் குக்கருக்குக்கூட ‘விசில் வைத்த பாத்திரம்’ என்று இதே சொல்லை வைத்துத்தான் பெயர்!

ஆர்மீனியருக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் போகவில்லை. ‘த்சிரானாபோக்’ என்பார்கள். த்சிரான் என்றால் ஆப்ரிகாட், போக் என்றால் குழல். எந்த மரத்தில் கடைந்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆப்ரிகாட்டின் தாவரவியல் பெயரும் ‘புரூனஸ் ஆர்மீனியாக்கா’தான். இத்தனை பொருத்தமான பெயரிருந்தும் உலக மேடைகளில் நிலைத்தது துதுக். 2000இல் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ படத்துக்கு துதுக் கலைஞர் ஜீவான் காஸ்பர்யான் வாசித்த பிறகு அந்தப் பெயர் இன்னும் பரவியது.

குழலின் வாயில் செருகும் சீவாளிக்குப் பெயர் கமிஷ். நாணல் என்று பொருள்படும் துருக்கிச் சொல். அராஸ் ஆற்றங்கரை நாணல் இதற்கு உகந்தது. நாதஸ்வரச் சீவாளியைவிட இது மிகப் பெரியது, அகலமானது. நாதஸ்வரம் கீழே போகப் போக விரியும். துதுக்கின் துளை ஒரே அளவில் நேராக ஓடும். 28 முதல் 40 செ.மீ. வரையே நீளமுள்ள குழலில் அவ்வளவு தாழ்ந்த, கனிந்த நாதம் எழுவது அதனால்தான்.

இருவர் வாசிப்பதே மரபு. ஒருவர் பாட்டை ஊத, மற்றவர் நம் ஒத்துக்காரரைப் போல ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பார். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பதால் அந்தச் சுரம் இடையில் அறுவதில்லை. அந்தச் சுரத்துக்குத் ‘தம்’ என்று பெயர். பாரசீகத்தில் தம் என்றால் மூச்சு. இரவல் சொற்களில் இதுவே அழகானது என்பேன்.

பெயர் போன இடமெல்லாம் பொருள் போகவில்லை. பல்கேரியாவில் துதுக் என்பது சீவாளியே இல்லாத புல்லாங்குழல் வகை. பொருள் போன இடங்களிலோ பெயர் மாறியது. ஜார்ஜியாவில் துதுகி, அஜர்பைஜானில் பாலபான், துருக்கியில் மேய்.

யுனெஸ்கோ 2005இல் ‘துதுக்கும் அதன் இசையும்’ என்பதை ஆர்மீனியாவின் பெயரில் பண்பாட்டு மரபாக அறிவித்தது. 2008இல் அது மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2023இல் அஜர்பைஜானும் துருக்கியும் ‘பாலபான்/மேய்’ என்று கூட்டாகப் பதிந்துகொண்டன. ஆக, ஒரே குடும்பக் குழலுக்கு அந்தப் பட்டியலில் இரண்டு பதிவுகள். த்சிரானாபோக் என்ற பெயர் இரண்டின் தலைப்பிலும் இல்லை.