நாற்காலிக்குப் பின்னாடி ஒரு நம்பர்

இன்னைக்கு ஒரு நாற்காலியோட கதை.

எங்க அப்பா வேலை பார்த்த அரசு ஆபீஸ்ல ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் பெயின்ட்ல ஒரு நம்பர் எழுதியிருக்கும். ஸ்டாக் கணக்கு எடுக்கிறதுக்காக. அந்த நம்பருக்கு வேற மதிப்பு இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல, சண்டிகர் நாற்காலிகளைப் பத்திப் படிக்கிற வரைக்கும்.

பிரிவினையில லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. நம்ம பக்கத்துப் பஞ்சாபுக்குப் புதுசா ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. அதைத் திட்டமிட 1951-ல லெ கார்புசியே வந்தார். கூடவே அவரோட உறவினர் பியர் ஜான்னரே. கார்புசியே வந்து வந்து போனார்; ஜான்னரே 1965 வரைக்கும் அங்கேயே தங்கிட்டார்.

புது ஊர்ல ஆபீஸ், கோர்ட், யுனிவர்சிட்டி எல்லாத்துக்கும் ஆயிரக்கணக்குல நாற்காலி வேணும். ஜான்னரேவும் யூலி சௌத்ரி மாதிரியான இந்தியக் கட்டடக் கலைஞர்களும் டிசைன் பண்ணாங்க. உள்ளூர் தச்சர்கள் செஞ்சாங்க. தேக்கை எடுத்தது அது கரையானையும் ஈரத்தையும் தாங்கும்கிறதால. உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல், அந்த வெயிலுக்குக் காத்து புகணுமே! பக்கவாட்டுல தலைகீழ் 'V' மாதிரி கால்கள். கையால செஞ்சதால ஒண்ணு இன்னொண்ணு மாதிரியே இருக்காது.

வருஷம் போகப் போக பிரம்பு கிழிஞ்சது, கால் ஆடுச்சு. ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா மொட்டை மாடியில குவிச்சு வச்சு, பழைய சாமான் கணக்குல ஏலம் விட்டாங்க. அதை வாங்கினவங்கள்ல வெளிநாட்டு கேலரிக்காரங்களும் இருந்தாங்க. பாலிஷ் போட்டு, பிரம்பு மாத்தி, பாரிஸ்லயும் நியூயார்க்லயும் லட்சக்கணக்குல வித்தாங்க.

இதுல திருட்டுன்னு சொல்ல முடியாது, நாமளே வித்ததுதான். தொல்பொருள் சட்டமும் கை கொடுக்கல. 1972-ல வந்த அந்தச் சட்டப்படி, இந்த மாதிரிப் பொருளுக்கு 100 வயசாவது ஆகியிருக்கணும். 2011-லதான் மத்திய உள்துறை அமைச்சகம் இதையெல்லாம் விற்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. அதுக்குள்ள நிறைய போயிடுச்சு.

இப்போ சந்தையில போலிகளும் உண்டு. அசல்னு நம்ப வைக்கிற அடையாளங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? பின்னாடி பெயின்ட்ல எழுதின அந்த ஆபீஸ் பேரும் நம்பரும்தான்.

எனக்கு உறுத்துறது இதுதான். ஏல கேட்டலாக்ல ஜான்னரே பேர் இருக்கு. நாற்காலியில ஆபீஸ் பேர் இருக்கு. இழைச்சு, துளை போட்டு, பின்னின கைகளோட பேர் ரெண்டு இடத்துலயும் இல்ல.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய மர நாற்காலி இருக்கலாம். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, இதைச் செஞ்சது யாருன்னு பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.