அந்தச் சிலை எந்த ஊர்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து அனுப்புவது என் வழக்கம். திரும்பி வரும்போது பார்த்தால், "இது என்ன தெய்வம்?" என்பதற்கு எல்லோரும் விடை எழுதியிருப்பார்கள். "எந்த ஊரிலிருந்து வந்தது?" என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. அங்குள்ள செப்புத் திருமேனிகள் பலவும் மண்ணுக்கடியிலிருந்து வந்தவை. படையெடுப்புக்குப் பயந்த காலங்களில் கோயில்காரர்களே புதைத்து வைத்தவை, பின்னாளில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ தோண்டியபோது வெளிப்பட்டன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில்தான் பல சிலைகள் எழும்பூர் வந்து சேர்ந்தன.

திருவாலங்காட்டு நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் அம்மையார் தலைகீழாக நடந்து போன ஊர், ஐந்து சபைகளில் ரத்தின சபை. நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம்தான். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னையிலிருந்த நடராஜர்களைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு உருகி எழுதிய கட்டுரை 1921-ல் அச்சானது. பாரிஸ்காரருக்குத் தெரிந்தது, பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த கேள்வி இன்னும் கிட்டத்தில். காஞ்சிபுரம் வட்டாரத்துப் பத்தாம் நூற்றாண்டு யோகினிக் கற்சிலைகள் இன்று எங்கே? 1926 வாக்கில் புதுச்சேரியிலிருந்த பேராசிரியர் ழூவோ துப்ரேய் அவற்றைக் கண்டெடுத்தார். பாரிஸ் வியாபாரி சி.டி. லூ மூலமாகப் பலவும் கடல் கடந்தன. இன்று லண்டன், பாரிஸ், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொரொண்டோ என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கின்றன. ஒரே கோயிலில் சேர்ந்து உட்கார்ந்திருந்த குடும்பம் அது.

ஊர்ப்பெயர் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். பத்தூர் நடராஜர் வழக்கே பதில். 1976-ல் தஞ்சைப் பக்கம் மண்ணிலிருந்து கிடைத்த சிலை, கலெக்டருக்குப் போகாமல் கைமாறி லண்டன் வரை போனது. அங்கே நடந்த வழக்கில் கோயிலின் சார்பிலும் உரிமை கோரப்பட்டது. அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு, தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988-ல் தீர்ப்பு, 1991-ல் சிலை திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை அந்தக் கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்துவைத்த படம்தான் அதை அடையாளம் காட்டியது. 2014-ல் திரும்ப வந்தது. இந்த ஊர்ச் சிலை இது என்று காட்ட ஒரு படமும் ஒரு சாட்சியும் இல்லாவிட்டால் இரண்டுமே போனது போனதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும், உள்ளே இருப்பது உடையவர் தாமே உகந்த திருமேனி என்று சொல்லிவிடுவார். அங்கே பெயர்ப்பலகை தேவையில்லை, ஊரே பலகை. சிலை ஊரைவிட்டுப் போன பிறகு அந்த நினைவும் அறுந்துபோகிறது. மிஞ்சுவது கண்ணாடிப் பெட்டிக்கு அருகே இருக்கும் சிறு அட்டை ஒன்றுதான்.

நம் பக்கத்தில் தொழிற்சாலைக்கும் மனைக்கும் பொக்லைன் மண் தோண்டாத நாள் இல்லை. ஏரிக்கரை ஓரத்தில் பூசையில்லாத கோயில்களும் இருக்கின்றன. ஆகவே பேரப்பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போகிறவர்கள், ஒவ்வொரு சிலை முன்பும் ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் நம் ஊர்க் கோயிலில் எத்தனை உற்சவர், யார் யார் என்று எண்ணி எழுதி, படமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போட வேண்டியவர்கள் நாம்தான்.