அழாத பிள்ளைக்கு யார் பால் குடுக்கிறது?

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று எங்கட சனம் சொல்லும். உரிமை கேட்கிற மேடைகளிலும் இதைக் கேட்டிருப்போம். அப்ப, அழாமல் நித்திரை கொள்ளுற பிள்ளைக்கு என்ன நடக்கும்? பிறந்து சில நாளேயான பச்சைக் குழந்தையைப் பற்றித்தான் கேட்கிறோம். அதன் நித்திரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குப் போவோம். பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார் பிரசவமாகிக் கொஞ்ச நாளிலேயே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஒரு கிழவியோ சிறுமியோதான் இருப்பார். பிள்ளை அழாமல் இருக்க ‘கோட்ஃப்ரேஸ் கோர்டியல்’ என்ற இனிப்பு மருந்தைப் பருக்கினார்கள். அதில் கலந்திருந்தது அபின். 1845இல் வெளிவந்த ஏங்கெல்ஸின் நூலும் இந்தப் பழக்கத்தைச் சொல்கிறது. அபின் பசியை மறக்கச் செய்யும். பிள்ளை அழாது, அழாததால் பாலும் கிடைக்காது. அப்படியே மெலிந்து செத்த பிள்ளைகள் ஏராளம். பழி விழுந்தது தாய்மீது. அவளுக்குப் பால் குடுக்க நேரம் விடாத ஆலையைக் கேட்டவர்கள் குறைவு.

20ஆம் நூற்றாண்டில் மருந்து பிரசவ அறைக்குள்ளேயே வந்தது. 1906 அளவில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் கவுஸ், குரோனிக் என்ற இரு வைத்தியர்கள் மோர்ஃபினும் ஸ்கோபொலமினும் குடுத்து ‘அந்தி நித்திரை’ப் பிரசவத்தைப் பரப்பினார்கள். பிறகு பெத்தடின் வந்தது. வலி குறைக்கிற மருந்து தேவையானதுதான். ஆனால் இவை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். பிள்ளை மந்தமாகப் பிறக்கும், உறிஞ்சும் பலமும் குறையும்.

இதே காலத்தில் மணிக்கூடும் பிள்ளையின் பாலுக்குள் புகுந்தது. நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், தாய்ப்பாலை வலியுறுத்தியவர். ஆனால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்தான் பால், இரவில் இல்லை என்றார். பிரித்தானியாவரை பரவிய இந்த ஒழுங்கில், இரவு முழுக்க நித்திரை கொண்டால் ‘நல்ல பிள்ளை’. 1952இல் ஷெஃபீல்டில் இலிங்வேர்த்தும் ஸ்டோனும் இதைச் சோதித்தார்கள். கேட்கும்போதெல்லாம் பால் குடுத்த பிள்ளைகள் நன்றாக நிறை கூடினார்கள். அவர்களின் தாய்மாரில் கூடுதலானோர் தாய்ப்பாலைத் தொடர்ந்தார்கள். 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்ன பத்துப் படிகளில், கேட்கும்போது பால் குடுப்பதும் ஒன்றானது.

நல்ல மாற்றம்தான். ஆனால் கேட்கத் தெம்பில்லாத பிள்ளை? குறைமாதத்தில் பிறந்தது, மருந்தின் மந்தத்தில் இருப்பது, மஞ்சள் காமாலை, அதாவது எங்கட பேச்சில் செங்கமாரி, வந்தது. இவை பசித்தாலும் எழும்பாமல் கிடக்கலாம். பால் குறைந்தால் மலம் குறையும், மஞ்சள் வெளியேறாது. மஞ்சள் கூடினால் நித்திரையும் கூடும். அது ஒரு சுழி. 2018இல் திருத்திய பத்துப் படிகள், பிள்ளை காட்டும் அறிகுறிகளைத் தாய் அடையாளம் காண உதவச் சொல்கின்றன. வாயைச் சப்புவது, தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாயில் வைப்பது எல்லாம் பசிதான். அழுகை கடைசியாகத்தான் வரும்.

ஆகவே முதல் கிழமைகளில் பிள்ளையை எழுப்பிப் பால் குடுப்பது கொடுமை இல்லை. பிறந்த நிறை திரும்பி வரும்வரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல், ஒரு நாளில் 8 முதல் 12 தரம் குடுக்கலாம். சுற்றிய துணியை அவிழ்த்து, வெறும் மேனியோடு தாயின் நெஞ்சில் போட்டால் பல பிள்ளைகள் தானாகவே தேடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தரமாவது சிறுநீர் போகவேண்டும். எழுப்பியும் எழும்பாவிட்டால், குடிக்க மறுத்தால், மஞ்சள் கூடினால் உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளையின் மௌனம் ஆலைக்கும் வசதி, மணிக்கூட்டுக்கும் வசதி, களைத்த வீட்டுக்கும் வசதி. இரவில் ஒருக்கால் தகப்பன் எழும்பிப் பிள்ளையைத் தூக்கித் தாயிடம் குடுத்தால் அவளுடைய பாரம் கொஞ்சம் குறையும். பழமொழியில் அழ வேண்டிய பொறுப்பு பிள்ளையுடையது. அழாத பிள்ளைக்காக எழும்ப வேண்டியவர்கள் நாங்கள்.